பள்ளிக்கூடத்துக்கு மேகக் கணிமை எதற்கு?

அரையாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் போடும் வாரத்தில் பள்ளியின் கணினி அறையில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு மேகக் கணிமையை விளக்குவது எளிது. பத்தாம் வகுப்பு ஆ பிரிவின் பட்டியலை வகுப்பாசிரியர் எக்செல் கோப்பாகத் தயாரித்து வைத்திருப்பார். தமிழாசிரியர் அதைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் தம் பாட மதிப்பெண்களை ஏற்றுவார். கணித ஆசிரியைக்கு அதே கோப்பு வாட்ஸ்அப்பில் போகும். அறிவியல் ஆசிரியர் கணினி அறையிலேயே உட்கார்ந்து மூலக் கோப்பில் ஏற்றுவார். மூன்றாம் நாள் பார்த்தால் 'மார்க் 10ஆ', 'மார்க் 10ஆ புதியது', 'மார்க் 10ஆ கடைசி', 'மார்க் 10ஆ கடைசி சரிபார்த்தது' என்று நான்கு கோப்புகள் இருக்கும். நான்கிலும் ஏதாவது ஒரு பாடம் விடுபட்டிருக்கும். அவற்றை ஒன்றாக்குவதற்காக ஒருவர் இருட்டும்வரை உட்கார வேண்டியிருக்கும்.

இதில் யார் மீதும் பிழை இல்லை. ஒரே பட்டியலுக்கு நான்கு பிரதிகள் உண்டானதுதான் சிக்கல். பட்டியல் ஓரிடத்தில் ஒரே பிரதியாக இருந்து, ஆசிரியர்கள் தத்தம் கைப்பேசியிலிருந்தோ கணினியிலிருந்தோ அதையே திறந்து எழுத முடிந்தால் ஒன்றாக்கும் வேலையே எழாது. கல்வியில் மேகக் கணிமையால் விளையும் நன்மைகளில் பெரும்பாலானவை இந்த 'ஒரே பிரதி' என்பதிலிருந்து வருகின்றன. அதன் ஆபத்துகளும் அதிலிருந்தே வருகின்றன.

மேகம் எங்கே இருக்கிறது?

வலையமைப்பின் வரைபடத்தைப் போடும் பொறியாளர்கள், தங்கள் பொறுப்புக்கு அப்பால் உள்ள பகுதியை மேகம் போன்ற ஒரு சுழிப்பால் குறிப்பது வழக்கம். அந்தச் சுழிப்பு பின்னர் பெயராகிவிட்டது. பெயர் வானத்தைக் காட்டினாலும் பொருள் தரையில்தான் இருக்கிறது. தரவு மையம் எனப்படும் பெரிய கட்டடங்களில், குளிரூட்டிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் நடுவே, ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கடுக்காக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மைக்ரோசாப்ட் அசூர் என்ற தன் மேகச் சேவைக்காக 2015இல் இந்தியாவில் மூன்று வட்டாரங்களைத் தொடங்கியபோது அவற்றுள் ஒன்றைச் சென்னையில் அமைத்தது. மற்றவை புனேவிலும் மும்பையிலும் அமைந்தன. அமேசான் 2016இலும் கூகுள் 2017இலும் மும்பையில் தொடங்கின. ஆகவே ஒரு மாணவியின் கட்டுரை மேகத்தில் இருக்கிறது என்றால், ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், வேறொருவருக்குச் சொந்தமான வட்டில் இருக்கிறது என்றே பொருள். நாம் அதை வாடகைக்குப் பயன்படுத்துகிறோம். சில சமயம் வாடகை பணமாக இருப்பதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

கணினித் திறனை மின்சாரத்தைப்போல வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பழையது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழாவில், 1961இல், ஜான் மெக்கார்த்தி என்ற கணினி அறிஞர், தொலைபேசியைப்போலக் கணினியும் ஒருநாள் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அமையக்கூடும் என்று பேசினார். அது கடைச்சரக்காக வந்து சேர 45 ஆண்டுகள் ஆயின. அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் சேமிப்பிடத்தையும், அதே ஆண்டு ஆகஸ்டில் கணினிகளையும் இணையவழி வாடகைக்கு விடத் தொடங்கியது. இன்று நாம் மேகக் கணிமை என்று சொல்வது பெரும்பாலும் அதன் தொடர்ச்சிதான்.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2011இல் இதற்கு வகுத்த வரையறையே பாடநூல்களில் இன்றும் வழங்குகிறது. அது சொல்லும் ஐந்து இயல்புகளுள் நமக்கு முக்கியமானது ஒன்று: தேவைக்கேற்ப விரிந்து சுருங்குவது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலையை எண்ணிப் பாருங்கள். எட்டு, ஒன்பது லட்சம் குடும்பங்கள் அடுத்த பத்து நிமிடங்களில் ஒரே தளத்தைத் திறக்க முயல்கின்றன. அந்தப் பத்து நிமிடத்துக்காக நூறு கணினிகளைச் சொந்தமாக வாங்கினால், ஆண்டின் மற்ற நாட்களில் அவை தூசி படிந்து கிடக்கும்; இரண்டு கணினிகளோடு நிறுத்திக்கொண்டால் முடிவு வரும் நாளில் தளம் முடங்கிவிடும். ஒரு காலைக்கு மட்டும் நூறாகப் பெருக்கிக்கொண்டு, மாலையில் இரண்டாகச் சுருக்கி, பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் காசு கொடுப்பது வாடகை முறையில்தான் கைகூடும்.

வாடகையிலும் மூன்று வகை உண்டு. கல்யாண மண்டபத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். சிலர் வெறும் மண்டபத்தை எடுத்துக்கொண்டு அடுப்பு, பாத்திரம், மளிகை, சமையற்காரர் எல்லாவற்றையும் தாங்களே கொண்டுவருவார்கள். கணிமையில் இது உள்கட்டமைப்பு வாடகை: கணினி அவர்களுடையது, அதில் ஏற்றும் மென்பொருள் முழுவதும் நம் பாடு. சிலர் அடுப்பும் பாத்திரமும் உள்ள சமையற்கட்டோடு மண்டபத்தை எடுத்து, சமையலை மட்டும் தாங்கள் பார்த்துக்கொள்வார்கள். இது தள வாடகை. நிரல் எழுதுபவர்களுக்கு உகந்தது. மூன்றாவது, பந்தி பரிமாறுவதுவரை எல்லாவற்றையும் காண்ட்ராக்ட்காரரிடம் விட்டுவிட்டு, வேட்டி மடிப்புக் கலையாமல் போய் உட்காருவது. இதுவே மென்பொருள் வாடகை. ஜிமெயில், கூகுள் டாக்ஸ், மைக்ரோசாப்ட் டீம்ஸ் போன்று பள்ளிகள் பயன்படுத்துபவை அநேகமாக இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. வசதி அதிகம், ஆனால் சாம்பாரில் என்ன போட்டார்கள் என்று நாம் பார்க்க முடியாது.

ஒரே தாளில் நாற்பது கை

ஒரே பிரதியில் பலர் ஒரே நேரத்தில் எழுதினால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று விழாதா என்ற ஐயம் தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும். நியாயமான ஐயம். விடையைச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றில் பார்க்கலாம்.

தாளில் 'மழை பெய்தது' என்று இருக்கிறது. கவிதா என்ற மாணவி, 'முதல் சொல்லுக்கு முன்னால் நேற்று என்று சேர்' என்ற கட்டளைக்குரிய மாற்றத்தைச் செய்கிறாள். அதே நொடியில் வேறொரு வீட்டிலிருந்து அன்வர், 'முதல் சொல்லுக்குப் பின்னால் நன்றாக என்று சேர்' என்பதற்குரிய மாற்றத்தைச் செய்கிறான். தரவு மையத்திலுள்ள வழங்கிக்கு, அதாவது தாளை வைத்திருக்கும் கணினிக்கு, கவிதாவின் கட்டளை முதலில் வந்து சேர்கிறது. தாள் 'நேற்று மழை பெய்தது' என்றாகிறது. இப்போது அன்வரின் கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் முதல் சொல்லான 'நேற்று' என்பதற்குப் பின்னால் 'நன்றாக' போய் உட்கார்ந்து, 'நேற்று நன்றாக மழை பெய்தது' என்று ஆகிவிடும். அன்வர் நினைத்தது அதுவன்று. ஆகையால் வழங்கி, அன்வர் எழுதிய நேரத்தில் அவன் திரையில் இருந்த நிலையைக் கணக்கில் கொண்டு, 'முதல் சொல்' என்பதை 'இரண்டாம் சொல்' என்று திருத்திக்கொண்டு நிறைவேற்றுகிறது. 'நேற்று மழை நன்றாக பெய்தது' என்று இருவர் திரையிலும் ஒன்றுபோலத் தெரிகிறது. ஒற்று மிகுவதை மட்டும் அவர்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

உண்மையில் சொற்களை எண்ணாமல் எழுத்துகளை எண்ணியே இது நடக்கிறது, அடிப்படை ஒன்றுதான். இந்த உத்தியை எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். கூகுள் டாக்ஸ் இந்த வழிமுறையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இதில் ஆசிரியருக்குப் பெரிய கொடை ஒன்று ஒளிந்திருக்கிறது. தாள் முழுவதையும் மீண்டும் மீண்டும் சேமிக்காமல் மாற்றங்களையே வரிசையாகப் பதிந்து வைப்பதால், ஒரு தாளின் வரலாறு முழுவதையும் பின்னோக்கிப் பார்க்க முடிகிறது. எந்தப் பத்தியை யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு எழுதினார் என்பது தெரியும். நால்வர் சேர்ந்து செய்யும் செயல்திட்டத்தில் ஒருவர் எழுத மூவர் பெயர் போட்டுக்கொள்வது நம் வகுப்பறைகளின் நெடுநாள் வழக்கம். வரலாற்றைத் திறந்தால் யார் பங்கு எவ்வளவு என்பது திரையிலேயே நிற்கும். ஆனால் இதைக் காவல்துறைக் கருவியாக மட்டும் கொள்வது வீண் என்பது என் கருத்து. ஒரு பிள்ளை தான் எழுதிய முதல் வரியை ஐந்து முறை அழித்து எழுதியிருப்பதைப் பார்ப்பது, அந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை, முடிந்த கட்டுரையைவிடத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். முடிந்த தாளில் சிவப்பு மை போடுவதற்கும், எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் 'இந்த எடுத்துக்காட்டை இன்னும் விரித்து எழுது' என்று குறிப்பு வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

வரலாறு உயிர் காத்த கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் மதிப்பெண் பட்டியலை முதன்முதலாக மேக விரிதாளுக்கு மாற்றியபோது, யார் முதல் இடம் என்று பார்க்கும் ஆவலில் ஒருவர் கணித மதிப்பெண் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து இறங்குவரிசைப்படுத்திவிட்டார். பெயர்கள் அகர வரிசையில் அப்படியே நிற்க, மதிப்பெண்கள் மட்டும் 98, 96, 95 என்று மேலிருந்து கீழாக அடுக்கிக்கொண்டன. பட்டியலில் முதலாவதாக இருந்த, எப்போதும் நாற்பதைத் தாண்டாத ஒரு பையனுக்கு 98 என்று வந்ததைக் கண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் மற்ற இரண்டு ஆசிரியர்கள் தங்கள் பாட மதிப்பெண்களையும் ஏற்றியிருந்தார்கள். காலை 11 மணி நிலைக்குத் திரும்பினால் கணிதம் சரியாகும், ஆனால் அதன்பின் ஏற்றிய இரண்டு பாடங்களும் பட்டியலிலிருந்து போய்விடும். முதலில் அந்த இரண்டு நெடுவரிசைகளையும் வேறொரு தாளில் நகலெடுத்துக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்பி, இரண்டையும் மீண்டும் ஒட்டினோம். மொத்தம் கால் மணி நேரம் ஆயிற்று. பென் டிரைவ் காலத்தில் இது நடந்திருந்தால் விடைத்தாள் கட்டைத்தான் மறுபடி பிரித்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆசிரியருக்கும் அவரவர் பாட நெடுவரிசையை மட்டும் திருத்தும் உரிமை கொடுத்து, மற்றவற்றைப் பூட்டி வைத்தோம். விரிதாளில் அதற்கான ஏற்பாடு உண்டு. பலர் அதைத் தேடிப் பார்ப்பதில்லை.

வகுப்பறைக்கென்று செய்யப்பட்டவை

பொதுக் கருவிகளைத் தவிர, வகுப்பின் அன்றாட ஓட்டத்துக்கென்றே அமைந்த கருவிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கிய மூடுல் 2002இல் முதல் பதிப்பாக வெளிவந்தது. அது கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை உள்ளது; கல்லூரி விரும்பினால் தன் வளாகத்துக் கணினியிலோ, வாடகைக்கு எடுத்த வழங்கியிலோ தானே நிறுவிக்கொள்ளலாம். மண்டபக் கணக்கில் இது முதல் வகை. சமையல் தெரிந்தவர் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும். கூகுள் கிளாஸ்ரூம் 2014இல் வந்தது. வினாத்தாள் ஒன்றை வகுப்புக்கு அனுப்பும்போது ஒவ்வொரு மாணவருக்கும் பெயரிட்ட தனிப் பிரதியை அதுவே உண்டாக்கிக் கொடுப்பதும், திருப்பித் தந்தவர் யார் தராதவர் யார் என்று ஒரே பார்வையில் காட்டுவதும் அதன் முதன்மையான வேலைகள். 'ஒரே பிரதி' வேண்டிய இடம், 'ஆளுக்கொரு பிரதி' வேண்டிய இடம் இரண்டையும் பிரித்தறிவதுதான் இதைப் பயன்படுத்தும் ஆசிரியருக்கு முதலில் வர வேண்டிய பழக்கம். தேர்வுத்தாளை ஒரே பிரதியாகப் பகிர்ந்துவிட்டு, முதல் பையன் எழுதிய விடையை மற்ற 39 பேரும் படித்த வகுப்புகள் உண்டு.

மேகக் கணிமை ஏழைப் பள்ளிக்குச் செய்யும் ஆகப் பெரிய உதவி எது என்று கேட்டால், நான் நிரலாக்கப் பாடத்தைத்தான் சொல்வேன். பத்து ஆண்டுப் பழைய கணினிகள் உள்ள ஆய்வகத்தில் பைத்தான் மொழியையும் அதன் துணை நூலகங்களையும் இருபது கணினிகளில் நிறுவி, பதிப்பு வேறுபாடுகளைச் சரிசெய்து முடிப்பதற்குள் பருவமே முடிந்துவிடும். நிரலையும் அதன் விடையையும் ஒரே பக்கத்தில் காட்டும், ஜுபிட்டர் எனப்படும் குறிப்பேட்டு முறையை உலாவிக்குள் கொண்டுவந்து, 2017இல் கூகுள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட கோலாப் என்ற சேவையில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. மாணவி உலாவியில் நிரலை எழுதி ஓடவிட்டால், கணக்கைப் போடுவது தரவு மையத்துக் கணினி. அவள் முன்னால் உள்ள கணினி விடையைக் காட்டினால் போதும். எந்திரக் கற்றலுக்கு வேண்டிய விலையுயர்ந்த வரைகலைச் செயலிகூட ஓரளவுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மாவட்டத் தலைநகர் கல்லூரியின் மாணவி, பெருநகர் நிறுவனமொன்றின் மாணவி பயன்படுத்தும் அதே கருவியை அதே நாளில் தொடுகிறாள் என்பது முன்பு இல்லாதது.

இங்கே தொடக்க நிலை மாணவர்கள் தவறாமல் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. குறிப்பேடு என்றென்றும் இருக்கும். ஆனால் அதை ஓடவைக்கும் கணினி தற்காலிகமாகக் கடன் கொடுக்கப்பட்டது. இலவசச் சேவையில் அதிகபட்சம் 12 மணி நேரம். கைவைக்காமல் விட்டால் அதற்கும் முன்பே அது பறிக்கப்படும். அந்தக் கணினியில் பதிவேற்றிய தரவுக் கோப்பும், நிரல் உண்டாக்கிய விடைக் கோப்பும் அதோடு போய்விடும். 'நேற்று இருந்த கோப்பு இன்று காணோம்' என்று மாணவர் வந்து நிற்பது இதனால்தான். தங்க வேண்டிய கோப்பைத் தம் சேமிப்பகத்தில் வைக்கும்படி முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அரசு அமைத்தவற்றுள் பாடப்பொருள்களுக்கான திக்ஷா தளத்தைக் குறிப்பிட வேண்டும். 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட அத்தளம் சன்பேர்ட் என்ற கட்டற்ற மென்பொருளின் மேல் அமைந்தது. தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் அச்சான கியூஆர் கட்டங்களைக் கைப்பேசியிலுள்ள திக்ஷா செயலிக்குக் காட்டினால் பாடத்துக்குரிய காணொலி திறப்பதைப் பெற்றோர் பார்த்திருப்பார்கள். அச்சிட்ட தாள் பையில், காணொலி மேகத்தில் என்ற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. இணையம் இல்லாத நாளிலும் பாடநூல் பாடநூலாகவே இருக்கிறது.

வாடகையும் சாவியும்

இலவசமாகக் கிடைக்கும் இடத்துக்கும் எல்லை உண்டு. தனிநபர் கூகுள் கணக்குக்கு 15 ஜிபி. அஞ்சல், கோப்புகள், புகைப்படங்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஓர் ஆசிரியர் தம் சொந்தக் கணக்கில் படிவம் ஒன்றை உண்டாக்கி, அதன் வழியாக வீட்டுப்பாடத்தின் படங்களைப் பதிவேற்றச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 35 மாணவர்கள், ஆளுக்கு 5 படங்கள், படம் 3 எம்பி. ஒரு வீட்டுப்பாடத்துக்கு 525 எம்பி. இருபது வீட்டுப்பாடங்கள் முடிவதற்குள் பத்தரை ஜிபி போய்விடும். ஏற்கெனவே ஐந்து ஜிபி அளவுக்கு அஞ்சல் உள்ளவர் என்றால் அஞ்சலே வராமல் நின்றுபோகும். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற இடம் என்று ஒரு காலத்தில் கொடுத்துவந்த கூகுள், 2022 ஜூலை முதல் நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டிபி (ஒரு டிபி ஏறத்தாழ ஆயிரம் ஜிபி) என்று வரம்பு வைத்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஆய்வுத் தரவுகளை அவசர அவசரமாக ஒதுக்க வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் விதியை மாற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது சாவி. ஒரே பிரதி இருக்கும்போது அதை யார் திறக்கலாம் என்பதே தலையாய கேள்வி. பார்க்க மட்டும் உரிமை, குறிப்பு எழுத உரிமை, திருத்த உரிமை என்று மூன்று படிகள் இத்தகைய பல கருவிகளில் உண்டு. அவசரத்தில் பெரும்பாலோர் 'சுட்டி (லிங்க்) உள்ளவர் எவரும் திருத்தலாம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, சுட்டியைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். வகுப்பறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாவியைத் தெருமுனைப் பெட்டிக்கடையில் கொடுப்பதற்கு இது சமம். மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைப்பேசி எண், சாதிச் சான்று விவரம் உள்ள தாள்கள்கூட இப்படித் திறந்து கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். குறிப்பிட்ட அஞ்சல் முகவரிகளுக்கு மட்டும் உரிமை கொடுப்பதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

சாவி யார் பெயரில் என்பதும் முக்கியம். பள்ளியின் பதிவேடுகள் ஓர் ஆசிரியரின் சொந்த ஜிமெயில் கணக்கில் இருந்தால், அவர் இடமாறுதல் பெற்றுப் போகும் நாளில் பதிவேடுகளும் அவரோடு பேருந்து ஏறிவிடும். அவர் நல்லவராக இருந்தாலும் கடவுச்சொல்லை மறப்பதும் கைப்பேசியைத் தொலைப்பதும் மனித இயல்பு. கூகுள் நிறுவனம் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அழிக்கவும் தொடங்கியிருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கென்று கூகுளும் மைக்ரோசாப்டும் அடிப்படை நிலையில் கட்டணமின்றித் தரும் நிறுவனக் கணக்கைப் பெற்று, தலைமையாசிரியர் உட்பட இருவரிடமாவது நிர்வாகப் பொறுப்பை வைத்து, கோப்புகளை ஆளின் பெயரில் வைக்காமல் பள்ளியின் பொதுக் கோப்பகத்தில் வைப்பதுதான் முறை. நிர்வாகக் கணக்குகளுக்குக் கடவுச்சொல்லோடு கைப்பேசி வழியான இரண்டாம் சரிபார்ப்பும் வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிய தரவு என்பதால் சட்டமும் இதில் வருகிறது. இந்தியாவின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளுவதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது; கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் விதிகளில் உண்டு. டென்மார்க்கில் நடந்தது இதற்கு நல்ல பாடம். அங்குள்ள ஹெல்சிங்கோர் நகராட்சி தன் பள்ளிகளில் கூகுள் கருவிகளைப் பயன்படுத்திவந்தது. அவற்றால் பிள்ளைகளின் தரவுக்கு என்ன ஆபத்து நேரலாம் என்பதை நகராட்சி முறையாக மதிப்பிடவில்லை என்று கூறி, நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜூலையில் அப்பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. தடை பின்னர் நிறுத்தி வைக்கப்பட்டாலும், 2024 ஜனவரியில் 53 நகராட்சிகளுக்குச் சேர்த்து ஆணை பிறந்தது. கேள்வி கேட்கப்பட்டது கருவியைச் செய்த நிறுவனத்திடம் மட்டுமன்று. அதைத் தேர்ந்தெடுத்த நகராட்சியிடமும் கேட்கப்பட்டது. வாடகை பணமாக இல்லாதபோது அது வேறு எதுவாக இருக்கிறது என்று கேட்கும் கடமை பள்ளிக்கு உண்டு.

இணைப்பு அறுந்தால்

ஒரே பிரதி ஓரிடத்தில் இருப்பதன் மறுபக்கம், அந்த இடம் எட்டாமல் போனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எட்டாமல் போவது. 2020 டிசம்பர் 14 அன்று, உலகெங்கும் பல பள்ளிகள் இணையத்தில் நடந்துகொண்டிருந்த காலத்தில், கூகுளின் சேவைகள் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முடங்கின. கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பயனர் யார் என்று அடையாளம் காணும் அமைப்புக்கு ஒதுக்கப்பட்ட இடம் தவறுதலாகக் குறைந்துவிட்டதால் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. இதைவிடக் கடுமையானது 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நடந்தது. ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்து போனது. வேறிடத்தில் காப்புப் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் தங்கள் தரவை அடியோடு இழந்தார்கள். மேகத்தில் இருப்பது தானாகவே பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்தத் தீயைவிட நல்ல மறுப்பு இல்லை.

நம் ஊர்களில் தீயைவிட அடிக்கடி வருவது மின்வெட்டும் சிக்னல் இல்லாமையும். ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய், இரவு எட்டு மணிக்குமேல் அண்ணனும் தங்கையும் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நிலை பெருந்தொற்றுக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஆகையால் மேகத்தில் கொடுக்கும் வீட்டுப்பாடத்தை இணைப்பு இல்லாமலும் செய்ய முடியுமாறு அமைப்பது ஆசிரியரின் வேலை. டாக்ஸ் போன்றவற்றில் கோப்பை முன்கூட்டியே கருவியில் இறக்கி வைத்துக்கொண்டு எழுதி, இணைப்பு வந்ததும் மாற்றங்களை அனுப்பும் வசதி உண்டு. முற்றிலும் இணைப்பே இல்லாத பள்ளிகளுக்குக் கொலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது: பாடக் காணொலிகளையும் பயிற்சிகளையும் ஒருமுறை இறக்கி, ஒரு சாதாரணக் கணினியிலோ ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவுக் கணினியிலோ வைத்துவிட்டால், வகுப்பிலுள்ள கைப்பேசிகள் வைஃபை வழியாக அதிலிருந்தே படித்துக்கொள்ளும். மேகத்தைத் தரைக்கு இறக்கி வகுப்பறை மூலையில் வைத்ததுபோல.

தொடங்க விரும்பும் பள்ளிக்கு என் யோசனை, எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் மாற்ற வேண்டாம் என்பதே. மதிப்பெண் பட்டியலை மட்டும் முதலில் மேகத்துக்குக் கொண்டுபோங்கள். அதில் பயன்படுத்துபவர்கள் ஆசிரியர்கள் மட்டும், பிழை நேர்ந்தால் விடைத்தாள்கள் கையில் இருக்கின்றன. அது பழகிய பிறகு மாணவர்களின் எழுத்துப் பணிகளுக்குப் போகலாம். ஆண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் அந்த ஆண்டின் எல்லாத் தாள்களையும் ஒருமுறை இறக்கி, வெளி வட்டு ஒன்றில் ஏற்றி, ஏற்றியவை திறக்கின்றனவா என்று இரண்டு மூன்றையாவது திறந்து பார்த்து, மேலே ஆண்டைக் குறித்து, தலைமையாசிரியர் அறை பீரோவில் சேர்க்கைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுங்கள்.